சர்க்கரையைத் திரும்பிப் பார்க்காத எறும்பு: பருவத்துக்குப் பருவம் இரைத் தேர்வு மாறுவது ஏன்?

எறும்பை ஒழிக்கப் போன மாதம் வைத்த இனிப்பு ஜெல் மருந்தை (உணவில் நஞ்சு கலந்த இரை மருந்தை) எறும்புகள் மொய்த்துத் தீர்த்தன. இந்த மாதம் அதே மருந்தை அதே மூலையில் வைத்தால், பக்கத்தில் வந்து உணர்கொம்பால் ஒரு தொடு தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன. இரண்டடி தள்ளிச் செத்துக் கிடக்கும் கரப்பான்பூச்சியை மட்டும் ஒரு படையே சேர்ந்து இழுத்துக்கொண்டு போகிறது. பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு முடிவுக்கு வருவார்கள்: மருந்து கெட்டுவிட்டது, இல்லையென்றால் எறும்புகள் உஷாராகிவிட்டன. இரண்டுக்கும் வாய்ப்பு உண்டுதான். ஆனால் பல நேரங்களில் மருந்திலும் மாற்றமில்லை, எறும்பின் புத்தியிலும் மாற்றமில்லை. புற்றுக்குள் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் வாய்கள் மாறியிருக்கின்றன.

"எறும்புக்குப் பிடித்தது இனிப்பு" என்பது பாதி உண்மை. வெளியே அலையும் எறும்பு எதை எடுக்கிறது என்பதை அதன் சொந்த ருசி கொஞ்சம்தான் தீர்மானிக்கிறது. அன்றைக்குப் புற்றில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது குறைகிறது என்பதுதான் பெரும்பங்கு. பருவநிலையும் இந்தக் கணக்குக்குள் நேராக வருவதைவிட, புழுக்கள் வழியாகவே அதிகம் வருகிறது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

புற்றுக்குள் யாருக்கு என்ன வேண்டும்

ஒரு புற்றில் உணவு கேட்பவர்கள் மூன்று வகை.

1. வேலைக்கார எறும்புகள். நாம் வெளியே பார்ப்பவை இவை. முழு வளர்ச்சி அடைந்த பூச்சி மேற்கொண்டு வளராது, தோலும் உரிக்காது. உடம்பைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவை மிகக் குறைவு. நடக்கவும் சுமக்கவும் சண்டை போடவும் எரிபொருள் வேண்டும். அதற்குச் சர்க்கரை போதும்.

2. புழுக்கள். முட்டையிலிருந்து வெளிவந்து கூட்டுப்புழு ஆகும்வரை உள்ள பருவம். காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. கிடந்த இடத்தில் கிடந்து வளர்வது ஒன்றே வேலை. உடம்பு கட்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அதாவது புரதம்.

3. ராணி. முட்டைக்குள் போவது பெரும்பாலும் புரதமும் கொழுப்பும். எனவே முட்டையிடும் காலத்தில் ராணியின் புரதத் தேவை ஏறும், ஓய்வுக் காலத்தில் இறங்கும்.

கூட்டுப்புழுக்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை எதையும் சாப்பிடுவதில்லை. இது சின்னத் தகவல்தான், ஆனால் பின்னால் முக்கியமாகிறது.

இதில் பலருக்குத் தெரியாத விசித்திரம் ஒன்று உண்டு. இறைச்சித் துணுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலைக்கார எறும்பால் அதை விழுங்க முடியாது. எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் இடுப்பு நூல்போல ஒடுங்கியது. உணவுக்குழாய் அதற்குள்தான் போயாக வேண்டும். வாய்க்குள்ளேயே ஒரு சிறு பை இருக்கிறது. திடமான துகள்கள் அதில் வடிகட்டப்பட்டு, உருண்டையாகத் திரண்டு, பிறகு வெளியே துப்பப்படும். உள்ளே இறங்குவது திரவம் மட்டுமே.

இறங்கிய திரவமும் உடனே செரிமானத்துக்குப் போவதில்லை. வயிற்றின் முன்பகுதியில் நன்றாக விரியும் பை ஒன்றில் தங்குகிறது. இதைச் 'சமூக இரைப்பை' என்பார்கள். அதற்கும் செரிமானம் நடக்கும் குடலுக்கும் நடுவே ஒரு வால்வு. வால்வுக்கு இந்தப் பக்கம் இருப்பது கூட்டத்தின் சொத்து. அந்தப் பக்கம் போனது மட்டுமே அந்த எறும்பின் சொந்தச் சாப்பாடு.

அப்படியானால் திடமான புரதத்தை யார் செரிக்கிறார்கள்? நெருப்பெறும்பில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அதன் புழுக்களுக்கு நான்கு வளர்ச்சி நிலைகள். முதல் மூன்று நிலைகளும் திரவம் மட்டுமே குடிக்கும். நான்காம் நிலைப் புழுவிடம் கதையே வேறு. வேலைக்கார எறும்பு இரையைக் கடித்துச் சிறு துண்டாக்கி, மல்லாந்து கிடக்கும் புழுவின் வாய்க்குச் சற்றுக் கீழே, மார்புப் பக்கம் உள்ள குழிவில் வைக்கிறது. குழிவைச் சுற்றி மயிர்கள் இருப்பதால் துண்டு நழுவி விழாது. புழு தலையைக் குனிந்து அதன்மேல் செரிமான நீரைச் சுரக்கிறது. துண்டு கரையக் கரைய உறிஞ்சிக் குடிக்கிறது. சாப்பாட்டை மார்பில் வைத்துக் கொடுத்தால், வாய்க்கு வெளியிலேயே செரிக்கும் குழந்தை!

அதனால் நான்காம் நிலைப் புழுக்கள் நிறைய இருக்கும் நெருப்பெறும்புப் புற்றுக்கு மீன் துண்டு பெரும் லாபம். அந்தப் புழுக்கள் இல்லாத நாளில் அதே துண்டு, செரிக்க ஆளில்லாத சரக்கு.

வெளியே போகும் எறும்புக்கு இது எப்படித் தெரிகிறது

இரை தேடிப் போவது கூட்டத்தில் ஒரு பகுதிதான். அதுவும் பெரும்பாலும் வயதான எறும்புகள். புழுக்கள் புற்றின் உள்ளறைகளில், வேறு எறும்புகளின் பராமரிப்பில் இருக்கும். "இன்று புரதம் கொண்டு வா" என்று ராணி ஆணையிடுவதும் இல்லை. பிறகு எப்படி?

நெருப்பெறும்பில் உணவு மூன்று கை மாறுகிறது. வெளியே போகும் எறும்பு கொண்டுவரும். நடுவில் இருக்கும் எறும்புகள் வாங்கி வைத்துக்கொள்ளும். அவற்றிடமிருந்து செவிலி எறும்புகள் வாங்கிப் புழுக்களுக்கு ஊட்டும். சேதி எதிர்த்திசையில் வருகிறது. பசித்த புழு செவிலியின் இரைப்பையைக் காலி செய்கிறது. காலியான செவிலி, நடுவில் இருப்பவற்றிடம் கேட்கிறது. நடுவில் இருப்பவை காலியானால், வெளியிலிருந்து வரும் எறும்பின் சரக்கு உடனே விலை போகிறது.

இரைப்பை நிறையச் சர்க்கரை நீருடன் திரும்பும் எறும்பைக் கவனித்தால் இது புரியும். உள்ளே நுழைந்ததும் எதிரே வரும் எறும்பிடம் தாடையைத் திறந்து ஒரு துளியைக் காட்டும். கேட்பவர் இருந்தால் சட்டென்று கைமாறிவிடும். வந்த எறும்பு உடனே திரும்பி ஓடும், போகும் வழியில் வாசனைத் தடமும் இடும், பின்னாலேயே இன்னும் பல கிளம்பும். வாங்க ஆளில்லை என்றால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு உள்ளேயே சுற்றும். அடுத்த பயணம் தள்ளிப்போகும், தடம் மங்கும். வெளியே நிற்கும் நமக்கு, "எறும்புக்குச் சர்க்கரை பிடிக்கவில்லை" என்று தோன்றுவது இந்தக் காட்சிதான்.

வாய்க்கு வாய் உணவு பரவுவதை 1957-லேயே எட்வர்ட் வில்சனும் தாமஸ் ஐஸ்னரும் கதிரியக்கம் ஏற்றிய தேனைக் கொடுத்துத் தடம் பிடித்துக் காட்டினார்கள். வயிறுகள் பல இருந்தாலும் திரவ உணவைப் பொறுத்தவரை கூட்டம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே இருப்புதான் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது.

புரதம் மிஞ்சினாலும் ஆபத்து

தேவைக்கு மேல் புரதம் வந்தால் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு, அதுவும் பெரிய நஷ்டம்.

ஆட்ரி துஸ்ஸுத்தூரும் ஸ்டீவன் சிம்ப்சனும் 2009-ல் ஆஸ்திரேலியாவின் பச்சைத்தலை எறும்புகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புரதமும் மாவுச்சத்தும் (சர்க்கரையும் இந்த வகைதான்) வெவ்வேறு விகிதத்தில் கலந்த செயற்கை உணவுகளைப் புழுக்கள் உள்ள கூட்டங்களுக்கும் இல்லாத கூட்டங்களுக்கும் கொடுத்தார்கள். புரதம் மிகுந்த உணவு மட்டுமே கிடைத்தபோது, எறும்புகள் அதிலிருந்த மாவுச்சத்தை எடுத்துக்கொண்டு புரதத்தைச் சிறு உருண்டைகளாக வெளியே கொட்டின. கொண்டுவருவதில் மட்டுமல்லாமல், கொண்டுவந்த பிறகும் கூட்டம் விகிதத்தைத் திருத்துகிறது என்பது இதில் தெரிந்தது. அப்படித் திருத்தியும், புழுக்கள் இல்லாத கூட்டங்களில் புரதம் மிகுந்த உணவால் வேலைக்கார எறும்புகள் அதிகம் செத்தன. புழுக்கள் இருந்த கூட்டங்கள் அதே உணவை மேலாகச் சமாளித்தன.

2012-ல் அதே இருவர், கறுப்புத் தோட்ட எறும்பான லாசியஸ் நைஜரில் இதை மேலும் சோதித்தார்கள். அதிகப் புரதம் தின்ற வேலைக்கார எறும்புகள் இளவயதில் செத்தன, கூட்டங்களே சிதைந்தன.

எனவே புழுக்கள் இல்லாத காலத்தில் புரதத்தை ஒதுக்குவது வெறும் சோம்பல் கிடையாது. வாங்க ஆளில்லாத சரக்கு என்பதோடு, வைத்திருந்தால் ஆளைக் கொல்லும் சரக்கும் கூட.

பருவம் நுழையும் இடம்

இப்போது துண்டுகளைச் சேர்க்கலாம். எறும்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்ளாது. மண்ணின் வெப்பம் ஏறி இறங்குவதற்கேற்ப ராணியின் முட்டையிடும் வேகமும் புழுக்களின் வளர்ச்சி வேகமும் மாறும். குளிர்காலம் கடுமையாக உள்ள நாடுகளில் தர்க்கம் இப்படிப் போகிறது:

1. குளிர் விலகியதும் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்குகிறது. பல இனங்களில் சிறகு முளைக்கும் இளம் ராணிகளும் ஆண் எறும்புகளும் இந்தப் பருவத்துப் புழுக்களிலிருந்துதான் வருகின்றன. இவை வேலைக்கார எறும்பைவிட உடல் பெருத்தவை. தலைக்கு அதிகப் புரதம் கேட்பவை.

2. புழுக்கள் பெருகப் பெருகப் புரதத்துக்கான கேட்பு ஏறுகிறது. செத்த பூச்சி, உயிருள்ள இரை, மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் கூட்டம் சேரும் காலம் இது.

3. வெயில் காலத்தில் இரண்டும் வேண்டும். உள்ளே புழுக்கள், வெளியே நாள் முழுக்க அலையும் எறும்புகள். சர்க்கரை, புரதம் இரண்டின் வரத்தும் உச்சத்தில் இருக்கும்.

4. இலையுதிர் காலம் நெருங்கும்போது முட்டை குறைகிறது, புழுக்கள் குறைகின்றன. இனிப்பை நோக்கித் தராசு சாய்கிறது. அப்போது சேரும் சர்க்கரையின் ஒரு பகுதி உடம்பில் கொழுப்பாக மாறிக் குளிர்காலத்துக்குக் கையிருப்பாகிறது.

5. குளிரில் பல இனங்கள் இரை தேடுவதையே நிறுத்திவிடுகின்றன.

எல்லா இனமும் இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. மிர்மிக்கா வகை எறும்புகள் குளிர்காலத்தைப் புழுக்களோடேயே கழிக்கின்றன. மண் சூடானதும் புழுக்களின் பசி தயாராக இருக்கும், முட்டை பொரியக் காத்திருக்க வேண்டியதில்லை. வேறு சில இனங்கள் வசந்தத்தின் முதல் புழுக்களைத் தங்கள் உடம்பில் சேர்த்த கொழுப்பிலிருந்தும் புரதத்திலிருந்துமே வளர்த்துவிடும். அவற்றின் புரதத் தேடல் வெளியே தெரிவது சில வாரம் தாமதமாகத்தான்.

வெப்பமண்டலத்தில் குளிர் இந்த வேலையைச் செய்வதில்லை. அங்கே மழையும் வறட்சியும் பருவத்தை நடத்துகின்றன. ஆண்டு முழுக்க ஏதோ ஓர் அளவில் புழுக்கள் இருப்பதால் மாற்றம் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. வறண்ட நாளில் இன்னொரு குழப்பமும் சேரும்: சர்க்கரை நீரைத் தேடி வரும் எறும்பு சர்க்கரைக்காக வந்ததா, தண்ணீருக்காக வந்ததா? பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு துளி வைத்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. "கோடையில் எறும்புகள் இனிப்பையே விரும்புகின்றன" என்று எங்காவது படித்தால், தண்ணீரை ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியே எது மலிவோ அதை எறும்பு இரை மருந்தில் தேடாது

இதுவரை பேசியது புற்றுக்குள்ளே உள்ள தேவை. வெளியே கிடைப்பதும் அதே அளவு முக்கியம். நாம் வைக்கும் உணவை எறும்பு எடுப்பதும் எடுக்காததும், அதே பொருள் வேறு எங்கே எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

எறும்புகளுக்குச் சர்க்கரை தரும் பெரிய ஊற்று அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகள். இவை செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையை இனிப்பான கழிவாக வெளியே விடும். எறும்புகள் அதைக் குடித்துக்கொண்டு பதிலுக்குப் பூச்சிகளைக் காவல் காக்கும். அசுவினி பெருகிய காலத்தில் இனிப்புக்குப் பஞ்சமில்லை. அந்தக் கழிவில் அமினோ அமிலங்கள் மிகக் குறைவு என்பதால் புரதத்துக்குத்தான் பஞ்சம்.

காவல் காக்கும் எறும்பே அந்த அசுவினியைத் தின்னவும் செய்யும். ஜோவாகிம் ஆஃபன்பெர்க் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், லாசியஸ் எறும்புகளுக்கு வேறு வழியில் சர்க்கரை கிடைக்கச் செய்தபோது, அவை தாங்கள் மேய்த்த அசுவினிகளையே அதிகமாகக் கொன்று தின்றன. அசுவினி பால் தரும் வரை பசு. பால் வேறு இடத்தில் கிடைத்துவிட்டால் கறி. பயிரில் எறும்பு நண்பனா எதிரியா என்ற கேள்விக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே பதில் கிடைக்காததற்கு இது ஒரு காரணம்.

கட்டெறும்புகளின் நிலைமை இன்னும் வேறு. அவற்றின் குடலை ஒட்டிய உயிரணுக்களில் பிளாக்மானியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. உடலால் தானே உண்டாக்க முடியாத அமினோ அமிலங்களை அது தயாரித்துக் கொடுக்கிறது. இனிப்பையே பெரிதும் நம்பி வாழும் எறும்புக்கு உள்ளேயே ஒரு புரத உதவி. இப்படிப்பட்ட இனத்தில் புரத மோகத்தின் பருவ ஏற்றத்தாழ்வு, இரை பிடித்துத் தின்னும் இனத்தில் உள்ளதுபோல இருக்க வேண்டியதில்லை.

உப்பும் இதே வகைதான். மைக்கேல் காஸ்பாரியும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள இடங்களில் எறும்புகள் உப்பு நீரை அதிகம் நாடின. கடல் காற்று உப்பைச் சுமந்து வரும் இடங்களில் அந்த நாட்டம் குறைவு. தாவரச் சாற்றையும் இனிப்பையும் நம்பும் எறும்புகளிடம் உப்புப் பசி அதிகம். இரை தின்னும் எறும்புகளுக்கு இரையின் உடம்பிலேயே உப்பு கிடைத்துவிடுகிறது.

நெருப்பெறும்பு ஆய்வு: எளிய விதியைச் சிக்கலாக்கிய முடிவு

"வசந்தத்தில் புரதம், இலையுதிரில் சர்க்கரை" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ள ஆசைதான். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட முடிவு அவ்வளவு சுலபமாக விடவில்லை.

அவர்கள் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வயலிலிருந்து நெருப்பெறும்புக் கூட்டங்களைத் தோண்டி எடுத்தார்கள். ஆய்வகத்தில் இரண்டு வகைக்கும் ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதம், ஒரே அளவு வெளிச்சம். வெளியுலகப் பருவத்தை இப்படி அழித்துவிட்டு, புரத-மாவுச்சத்து விகிதம் மாறுபட்ட உணவுகளைக் கொடுத்தார்கள். கிடைத்தவை:

1. இரண்டு பருவத்துக் கூட்டங்களுமே, தேர்ந்தெடுக்க விட்டபோது மாவுச்சத்து மிகுந்த உணவையே விரும்பின.

2. உணவின் விகிதம் எந்த அளவுக்குக் கோணலோ அந்த அளவுக்குக் கோடைக் கூட்டங்கள் அதிகமாகச் சேகரித்தன. இலையுதிர்க் கூட்டங்கள் விகிதம் எப்படி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சேகரித்தன.

3. சேகரித்த எல்லாவற்றையும் எறும்புகள் தின்னவில்லை. ஒதுக்கி வைத்ததிலும் வீசியதிலும் மாவுச்சத்து கொஞ்சம், புரதம் அதிகம்.

4. உண்மையில் உள்ளே போன புரதத்தின் அளவு இரு பருவத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே.

முதல் முடிவைவிட இரண்டாவதும் மூன்றாவதும்தான் என் கணிப்பில் பெரியவை. சேகரிப்பதும் தின்பதும் வெவ்வேறு என்பதை இவை காட்டுகின்றன. புற்று வாசலில் எறும்புகளை எண்ணி "இந்தப் பருவத்தில் இதை விரும்புகின்றன" என்று எழுதுகிறவர் சேகரிப்பைத்தான் அளக்கிறார். உள்ளே போய்க் குப்பையில் சேர்ந்தது எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. ஆய்வகத்தில் ஒரே வெப்பத்தில் வைத்தும் பருவ வேறுபாடு அழியாமல் நின்றது என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டம் பருவத்தைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம் ஏற்கத்தக்கது. வெளியே வளம் நிறைந்த கோடையில் இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்துச் சேகரிப்பது லாபம். வளம் குறையும் இலையுதிரில் அலைச்சலைக் குறைத்துச் சக்தியை மிச்சப்படுத்துவது லாபம்.

நாட்காட்டியைப் பொய்யாக்கும் எறும்புகள்

புழுக்கள்தான் முதன்மைக் காரணம், நாட்காட்டி அதன் நிழல் என்று சொல்லிவிட்டோம். இதைச் சோதிக்க, பருவமும் புழுக்களும் தனித்தனியே நகரும் இனங்களைப் பார்க்க வேண்டும்.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் எசிட்டான் புர்செல்லி என்ற படையெறும்பு இதற்குச் சரியான சாட்சி. இது ஏறத்தாழ 15 நாள் அலையும் கட்டத்திலும் 20 நாள் தங்கும் கட்டத்திலும் மாறி மாறி வாழ்கிறது. அலையும் கட்டத்தில் கூட்டம் நிறையப் பசித்த புழுக்கள், தினமும் வேட்டை. புழுக்கள் கூட்டுப்புழு ஆனதும் அவற்றின் வாய் மூடிவிடுகிறது, கூட்டம் ஓரிடத்தில் தங்குகிறது, வேட்டை தளர்கிறது. முதலில் சொன்ன சின்னத் தகவல் இங்கேதான் வேலை செய்கிறது. காட்டில் பருவம் மாறவில்லை, இரையும் குறையவில்லை. சாப்பிடும் வாய்கள் மூடியதால் புரதத்துக்கான தேவை இறங்கிவிட்டது.

வட அமெரிக்காவின் குளிர்கால எறும்பான ப்ரெனோலெப்பிஸ் இம்பேரிஸ் நேர்மாறான வழக்கம் உள்ளது. மற்ற எறும்புகள் ஒடுங்கிக் கிடக்கும் குளிரில், வெப்பம் உறைநிலையை ஒட்டி இருக்கும்போதும் இது வெளியே அலையும். வெயில் ஏறியதும் வாசலை அடைத்துக்கொண்டு மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் இருந்துவிடும். இளம் வேலைக்கார எறும்புகள் உடம்பில் கொழுப்பை ஏற்றி வயிறு ஊதிக் கிடக்கும். அடைத்த வாசலுக்குள்ளே அந்தக் கையிருப்பைக் கொண்டே முட்டையும் புழுக்களும் வளர்ந்துவிடுகின்றன. வால்டர் சிங்கெல் 1987-ல் இந்த வாழ்க்கை வட்டத்தை விரிவாகப் பதிவு செய்தார். புழுக்கள் வளரும் காலத்தில் வெளியே ஓர் எறும்புகூட இரை தேடவில்லை என்றால், "புழுக்கள் அதிகம் என்றால் வாசலில் புரதத் தேடல் அதிகம்" என்ற விதி இந்த இனத்திடம் செல்லாது.

கட்டடங்களுக்குள் குடியிருக்கும் பாரோ எறும்புக்குப் பருவமே அறிமுகமில்லை. சூடேற்றிய கட்டடத்தில் ஆண்டு முழுக்க இனப்பெருக்கம். அதன் விருப்பமும் மாறத்தான் செய்கிறது, ஆனால் மாதக் கணக்கில் இல்லை: ஒரே வகை உணவைத் தொடர்ந்து கொடுத்தால் அதில் நாட்டம் குறைந்து மற்ற வகைக்குத் தாவுகிறது.

இரை மருந்து வைப்பவர்களுக்கு இதனால் என்ன

இரை மருந்தின் தத்துவம், தின்ற எறும்பு உடனே சாகக் கூடாது என்பது. அது புற்றுக்குத் திரும்பி, வாய்க்கு வாய் பங்கிட்டு, ராணி வரை மருந்து போய்ச் சேர வேண்டும். இரையை எறும்பு ஏற்க வேண்டும் என்பது இதன் முதல் படி. அந்த முதல் படியில்தான் பருவம் காலை வாருகிறது.

1. இனிப்பு இரை பெரும்பாலும் வளர்ந்த எறும்புகளிடையே சுற்றுகிறது. அர்ஜென்டீன எறும்பு போன்ற இனிப்புப் பிரியர்கள் சர்க்கரை நீரை ஆண்டின் பெரும்பகுதியும் ஏற்கும் என்பதால் அவற்றுக்குத் திரவ இனிப்பு இரையே முதல் தேர்வு. இவற்றின் மீதான ஆய்வுகளில் 25 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் 0.5 முதல் 1 சதவீதம் வரை போரிக் அமிலம் பயன்பட்டிருக்கிறது. மருந்தைக் கூட்டினால் வேகமாக வேலை செய்யும் என்று நினைத்து அளவை ஏற்றுபவர்கள், எறும்பு ஒதுக்கும் கரைசலைத் தயாரிக்கிறார்கள். ஏற்றாலும் புற்று சேரும் முன் செத்துவிழும்.

2. புரத இரை புழுக்களையும் முட்டையிடும் ராணியையும் நோக்கிப் போகிறது. புழுக்கள் நிறைந்த காலத்தில் இதற்கு ஈடில்லை. புழுக்கள் இல்லாத காலத்தில் இது வாசலோடு நின்றுவிடும்.

3. எண்ணெய் இரை நெருப்பெறும்புக்கு வழக்கமானது: மக்காச்சோளக் குருணையில் ஊறிய சோயா எண்ணெய், எண்ணெயில் கரைத்த மருந்து. மழை பட்டாலோ வெயிலில் எண்ணெய் கெட்டாலோ எறும்பு தொடாது. இங்கே பருவத்தைவிடப் பொட்டலத்தின் வயதே பெரிய காரணமாக இருக்கலாம்.

4. வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் வகை மருந்துகள் (மெத்தோபிரீன், பைரிபிராக்சிஃபென்) புழுக்களை வளரவிடாமலும் ராணியின் முட்டையைக் குறைத்தும் வேலை செய்கின்றன. வளர்ந்த எறும்புகளை இவை நேரடியாகக் கொல்வதில்லை. உள்ளே புழுக்களே இல்லாத பருவத்தில் இவற்றை வைத்துவிட்டுப் பலன் தெரியவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

5. வெப்பத்தைப் பாருங்கள். சான்ஃபோர்ட் போர்ட்டரும் சிங்கெலும் 1987-ல் அளந்தபடி, நெருப்பெறும்பு இரை தேடுவது மண்ணின் மேற்பகுதி ஏறத்தாழ 15 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான். 22 முதல் 36 வரை உச்சம். நண்பகல் வெயிலில் வைத்த இரையை எறும்பு சீண்டாததற்கு ஊட்டச்சத்துக் காரணம் தேட வேண்டியதில்லை.

எந்த இரை என்று முடிவு செய்ய எளிய சோதனை உண்டு. சிறு அட்டைத் துண்டுகளில் தனித்தனியே ஒரு துளி சர்க்கரை நீர், ஒரு துளி தண்ணீர், ஒரு துணுக்கு மீன் அல்லது அவித்த முட்டை, ஒரு துளி சமையல் எண்ணெய். எறும்புப் பாதைக்குப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து எதில் எத்தனை எறும்பு என்று எண்ணுங்கள். ஒரு முறை செய்து முடிவெடுத்தால் ஏமாற வாய்ப்புண்டு. மறுநாள் இடத்தை மாற்றி வைத்து மறுபடி எண்ணுவது நல்லது. சோதனை இரையில் மருந்து கலக்க வேண்டாம், மருந்து வைத்த பிறகு அதன்மேல் பூச்சிக்கொல்லி தெளிக்கவும் வேண்டாம். குழந்தைகள், வளர்ப்பு விலங்குகள் கைக்கு எட்டும் இடத்தில் மருந்து இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சோதனையின் விடைக்கும் காலாவதி உண்டு. நெருப்பெறும்பில் முட்டையிலிருந்து முழு எறும்பாக மாற, வெப்பத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 45 நாள் ஆகிறது. ஒரு மாதத்துக்குள் புழுக்களின் ஒரு தலைமுறையே கூட்டுப்புழுவாகி வாய் மூடிவிடலாம். அப்போது, போன மாதம் மீன் துணுக்குக்குக் கூடிய அதே பாதையில் அட்டைகளை மறுபடி வைத்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.